உடுத்தியவர் யார்?

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, வரதராஜன்பேட்டைப் பங்கு மன்றத்தில் எங்கள் இளைஞர்களுக்குக் 'காஞ்சிவரம்' திரைப்படத்தைத் திரையிட்டோம். பிரியதர்சன் இயக்கி, 2008-இல் வெளியுலகுக்கு வந்த படம். 55-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கும் சிறந்த நடிகருக்குமான விருதுகளைப் பெற்றது. படம் முடிந்து விளக்கைப் போட்டபோது மன்றத்தில் பேச்சே எழவில்லை. கலந்துரையாடலைத் தொடங்கிவைக்கும் பொருட்டு நானே எழுந்து, முதலாளியின் சுரண்டல், நீதியான கூலி, 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட தொழிலாளர் சுற்றுமடல் என்று, குருமடத்தில் திருச்சபையின் சமூகப் போதனையைப் படித்த ஒருவன் சொல்லக்கூடியவற்றையெல்லாம் சொல்லி முடித்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மூன்றாண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருப்பவள். "சாமி, இவ்வளவு சேலை நெய்யுறாங்களே, அதெல்லாம் வாங்கிக் கட்டுனவங்க யாருன்னு படத்துல சொல்லவே இல்லையே" என்றாள். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எத்தனையோ நாளாக எழுத நினைத்திருந்த விமரிசனத்தை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள் என்று தோன்றியது. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் படத்துக்குரிய பெருமையைச் சொல்லிவிட வேண்டும். நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய காஞ்சிபுரம். வேங்கடம் என்ற பட்டு நெசவாளன், பட்டுடுத்திய பெண்ணைத்தான் மனைவியாகக் கொள்வேன் என்று சபதம் செய்து, அதை நிறைவேற்ற இயலாமல் ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகிறான். மகள் பிறந்தபோது, அவளை மணநாளில் பட்டுடுத்தி அனுப்புவேன் என்று மீண்டும் வாக்களிக்கிறான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் உறவுக்காகக் கரைந்துபோகிறது. எஞ்சிய வழி ஒன்றுதான். முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து நாள்தோறும் சிறிது பட்டு நூலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வெளியேறி, இரவில் யாருமறியாமல் தன் தறியில் நெய்கிறான். நாட்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில்.

வாய்க்குள் நூல் வைத்த அந்த முகத்தைப் பிரகாஷ்ராஜ் நமக்குக் காட்டும் விதம் மறக்கற்பாலதன்று. வாயிலைக் கடக்கும்வரை அவனால் பேசவியலாது. யாரேனும் நலம் விசாரித்தால்கூட மறுமொழி கூறவியலாது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்று இணைச்சட்ட நூல் விதிக்கிறது. உழைக்கும் உயிர் தன் உழைப்பின் விளைவில் ஒரு வாய் உண்ண உரிமையுடையது என்பது அதன் உட்பொருள். புனித பவுல் இரண்டு இடங்களில் அவ்விதியை எடுத்தாள்கிறார். இங்கோ உழைப்பின் விளைவே உழைப்பவனின் வாய்க்கட்டாகிவிடுகிறது. இயக்குநர் விவிலியத்தை நினைத்து இக்காட்சியை அமைத்திருக்க மாட்டார். ஆயினும் விவிலியம் அறிந்த கண்ணுக்கு இது தெரியாமற் போகாது.

படத்தின் இன்னொரு வலிமை, அது தன் நாயகனைத் தேவதூதனாக்கவில்லை என்பது. நெசவாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்துபவன் வேங்கடமே. மகளின் திருமணம் நெருங்க, நூல் தேவைப்பட, அவனே தோழர்களை மீண்டும் வேலைக்குத் திரும்பச் செய்கிறான். ஒரு தந்தையின் பாசம் ஒரு சமூகத்தின் போராட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அதை மன்னிக்கவோ பழிக்கவோ முற்படாமல் நம் முன் வைத்துவிட்டு நகர்கிறது படம். களவு வெளிப்பட்டுச் சிறை செல்கிறான். மகள் கிணற்றில் விழுந்து முடமாகிறாள். காவலருடன் இரண்டு நாள் விடுப்பில் வருபவன், அவளைப் பேண ஆளில்லையென்று கண்டு, தன் கையாலேயே நஞ்சூட்டுகிறான். ஒரு குருவாக நான் இக்கொலையை ஏற்க இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. படமும் அதை ஏற்கும்படி நம்மைக் கேட்கவில்லை. தறியில் பாதியில் நின்ற பட்டை அறுத்தெடுத்து அவளுடலைப் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. அந்த முழத்துணியின் போதாமையை நம் திரைப்படங்களில் வேறெங்கும் இவ்வளவு சுருக்கமாக நான் கண்டதில்லை.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

காஞ்சிப் பட்டு எளிதில் உருவாகும் பொருளன்று. முறுக்கேற்றிய பட்டு இழைகளால் பாவு போட்டு, உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, கோர்வை என்னும் முறையால் இரண்டையும் இணைக்க வேண்டும்; பழைய முறையில் ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு சேலைக்குப் பல நாட்கள் செல்லும். வேங்கடம் தன் வாழ்நாளில் எத்தனை சேலைகளை நெய்திருப்பான்? அத்தனையும் எங்கே போயின? செல்வர் வீட்டின் நிழல் ஓரிரு இடங்களில் தெரிகிறது. ஆனால் அச்சேலையைக் கையில் எடுத்து, விலை கேட்டு, பேரம் பேசி, உடுத்தி, மணமேடையில் அமர்ந்த பெண் ஒருத்திக்கும் இக்கதையில் இடமில்லை. சுரண்டல் என்பது தறிக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே மட்டும் நிகழ்வதாகப் படம் நம்மை நம்ப வைக்கிறது. ஆகவே பார்வையாளராகிய நாம் கண்ணீர் சிந்திவிட்டு, குற்றமற்றவர்களாக எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறோம். படத்தின் மிகப் பெரிய குறை இதுவே என்பேன்.

இது ஒரு படத்தின் குறை மட்டுமன்று. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இல் வெளிவந்தது. அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளர்களின் வாழ்வைச் சொல்வது. செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. நூல் கிடைக்காமையும், பதுக்கலும், கள்ளச் சந்தையும் ஒரு சமூகத்தை எவ்வாறு பட்டினியில் தள்ளின என்பதை அதுபோல் எடுத்துரைத்த தமிழ் நாவல் அதற்கு முன் இல்லை. அங்கே நூல் வணிகர் உண்டு, நெசவாளர் உண்டு, சங்கம் உண்டு. துணியை உடுத்தியவர் இல்லை. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை', திருப்பூரின் சாயக்கழிவு ஆற்றையும் மனிதரையும் என்ன செய்தது என்பதை 1990-களிலேயே பேசிய நாவல். சுற்றுச்சூழல் என்ற சொல் நம் இலக்கிய இதழ்களுக்கு அயலாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட துணிவான படைப்பு அது. ஆயினும் அந்தச் சாயம் ஏறிய சட்டை எந்த உடலில் போய் அமர்ந்தது என்ற கேள்வி அதிலும் என் மனத்தில் நிறைவு பெறவில்லை.

வியப்பு என்னவென்றால், நம் பழைய இலக்கியத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. பொருநராற்றுப்படையில் வறிய பொருநன் ஒருவன் கரிகாலனிடம் செல்கிறான். அவன் உடுத்தியிருந்ததோ ஈரும் பேனும் குடியேறிய, வியர்வையில் நனைந்த, வேறு நூலால் ஒட்டுப்போட்ட கந்தல். அரசன் அதைக் களைந்து, இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பாம்பின் தோல் போன்ற மெல்லிய பூவேலைத் துணியை உடுத்துகிறான். உடுத்தியவனின் நாணமும் மகிழ்ச்சியும் அங்கே முழுமையாக உள்ளன. அத்தனை நுண்ணிய துணியை நெய்தவர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புறநானூற்றில் இரவில் எழுந்து, சிறு விளக்கொளியில் பஞ்சின் கழிவைப் புடைக்கும் பருத்திப் பெண்டு ஒருத்தி வருகிறாள். அவளும் தனக்காக வரவில்லை. வேறொரு காட்சிக்கு வெளிச்சம் காட்ட வருகிறாள். பழம்பாட்டில் நெய்தவர் மறைந்தார். புதுக்கதையில் உடுத்தியவர் மறைந்தார். ஒரே துணியின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்த கை இரண்டாயிரம் ஆண்டுத் தமிழில் மிக அரிது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? திருப்பூரின் கதையே காரணம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது நொய்யல். சாயப்பட்டறைகளின் உப்பு நீர் அதில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, உழவர்களுக்கென்று கட்டப்பட்ட அணையே உழவர்களின் பகையாயிற்று. பாசன விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. அதன்பின் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கட்டாயமாயிற்று. அதற்கான செலவு பெரிது. சுத்திகரித்தபின் எஞ்சும் உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வரதராஜன்பேட்டை வாசகர் கேட்கலாம். நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். நொய்யல் கலந்த காவிரி முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகிறது. கொள்ளிடம் நம் அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையில் ஓடுகிறது. பெரம்பலூரின் கரிசலிலும் அதையொட்டிய நம் நிலங்களிலும், பெரும்பாலும் மானாவாரியாக, பருத்தி விளைகிறது. ஒரு பருத்திச் சட்டை உருவாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று உலகளவில் கணக்கிட்டிருக்கிறார்கள். வானத்தை நம்பி விதைக்கும் நம் உழவருக்கு அக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் சாயத்துக்குச் செலவான நீருக்கு மானாவாரி என்ற விலக்கு இல்லை. இங்கே எடுத்த பஞ்சு எங்கோ நூலாகி, எங்கோ சாயமேறி, திருப்பூரில் தைக்கப்பட்டு, ஜெயங்கொண்டம் கடைவீதியில் தொங்குகிறது. பஞ்சும் நம்முடையது, தைக்கும் பெண்ணும் நம்மவள், உடுத்துபவரும் நாமே. நடுவில் நடந்தவை மட்டும் நமக்குத் தெரியாது.

தைக்கும் பெண் என்றேனே. 'காஞ்சிவரம்' படத்தில் தந்தை மகளின் மணத்துக்காக நூல் களவாடுகிறான். நம் காலத்தில் மகளே தன் மணத்துக்காகத் தன்னை அடகு வைத்தாள். மேற்குத் தமிழகத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் வழங்கிய முறை அது: வறிய கிராமத்துப் பெண்கள் மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும், முடிவில் ஒரு மொத்தத் தொகை தரப்படும், அதுவே சீதனம். இடையில் உடல் நலிந்து திரும்பியவள் அத்தொகையை இழந்தாள். சீதனம் சட்டத்தால் தடை செய்யப்பட்ட நாட்டில், சீதனத்தின் பெயராலேயே கூலியை நிறுத்தி வைத்தார்கள். 'சுமங்கலி' என்ற மங்கலச் சொல்லை இவ்வாறு பயன்படுத்தத் துணிந்தவர்களை என்னவென்பது! மாலைக்குள் கூலி கொடு என்றும், ஏழையிடம் அடகு வாங்கிய மேலாடையைக் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடு என்றும் மோசேயின் சட்டம் கூறுகிறது. மூன்றாண்டு தாண்டி வரும் மாலையை அச்சட்டம் அறியாது.

எங்கள் மன்றத்தில் கேள்வி கேட்ட பெண் நூற்பாலையில் இருந்தவள் அல்லள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவதும் செக்கிங்கும் அவள் வேலை. தைத்த சட்டையை உட்புறம் திருப்பி, விட்டுப்போன தையலையும் கறையையும் தேடி, சரியென்றால் விலைச்சீட்டைக் கட்ட வேண்டும். அச்சீட்டில் அயல்நாட்டுப் பணத்தில் விலை இருக்கும். "நாங்க அதை ரூபாயில கணக்குப் போட்டுப் பாப்போம் சாமி, பொறவு பாக்குறத விட்டுட்டோம்" என்றாள். படத்தில் உடுத்தியவரைத் தேடியது அவள் ஏன் என்பது எனக்கு அப்போது விளங்கியது. உடுத்தியவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண் ஒன்றுதான்.

உடுத்துபவரின் பொறுப்பு என்று பேசினால் உடனே எழும் மறுப்பையும் நான் மறைக்கலாகாது. எங்கள் பங்கில் முந்திரித் தோப்புக் கூலிக்குப் போகும் தாய், கிறிஸ்து பிறப்புக்கு மூன்று பிள்ளைகளுக்கும் துணி எடுக்க வேண்டும். மலிவான பாலியெஸ்டர் சட்டைதான் அவளால் இயலும். அவளிடம் போய், இந்தத் துணி மண்ணில் மக்காது, துவைக்கத் துவைக்க நுண்ணிழைகள் நீரில் சேரும், கைத்தறி வாங்கு என்று பிரசங்கம் செய்வது கொடுமை. மலிவுத் துணியைச் சுரண்டலின் கனி என்று ஒதுக்கும் கட்டுரையாளர் பலர், அந்த மலிவு இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளை கிழிசலோடு பள்ளிக்குப் போயிருக்கும் என்பதை எண்ணுவதில்லை. நானும் ஒருகாலத்தில் அப்படி எழுதியவனே. ஆகவே கேள்வியைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். தேவைக்கு ஒன்று வாங்குபவரிடமல்ல, தேவைக்கு மேல் பீரோவை நிரப்புபவரிடம்.

உடுத்துபவரின் குரலுக்கு வலிமை உண்டா என்றும் கேட்பார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று, வங்காளதேசத்தில் டாக்காவையடுத்த சாவாரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தையல் வேலைக்குப் போன பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்களை உள்ளே அனுப்பினர். அடுத்த வாரம், தொழிலாளரான புனித யோசேப்பு நாளில், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுடைய மாதக் கூலியைக் குறிப்பிட்டு, அதை அடிமை வேலை என்றே அழைத்தார். அத்துணிகளை விற்ற மேலைநாட்டு நிறுவனங்கள் அதுவரை தங்களுக்குச் சம்பந்தமில்லை என்ற பாவனையில் இருந்தன. இடிபாடுகளில் அவற்றின் பெயர்ச்சீட்டுகள் கிடைத்தபின், வாங்குபவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கியபின்தான், தொழிற்சாலைகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. உடுத்தியவர் கதைக்குள் வந்த பிறகே கதை சற்றேனும் திரும்பியது.

இப்படி இரு முனையும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு காட்சி எனக்குத் தெரிந்து திருத்தூதர் பணிகள் நூலில் உண்டு. யோப்பா நகரில் தபித்தா இறந்துகிடக்கிறார். பேதுரு வருகிறார். கைம்பெண்கள் அழுதுகொண்டே, தபித்தா தங்களுக்குச் செய்து தந்த உடைகளை அவருக்குக் காட்டுகிறார்கள். லூக்கா அந்த அம்மையாரின் பக்தியை விரித்துரைக்கவில்லை, உரையாடலும் இல்லை. துணியைக் கையில் பிடித்து, இதைச் செய்தவர் இவர் என்று உடுத்தியவர்களே சாட்சி சொல்கிறார்கள். பல ஆண்டுகள் இப்பகுதியைப் பிரசங்கத்தில் தருமம் செய்வதற்கு எடுத்துக்காட்டாகவே கையாண்டேன். காஞ்சிவரத்து மகளின் உடலருகே இப்படி ஒரு துணியைக் காட்டி அழ யாருமில்லை என்பதை அன்றிரவுதான் சேர்த்துப் பார்த்தேன்.

திரையிட்டது முதல் எங்கள் ஆலயத்தில் ஒரு சிறு விவாதம் நடக்கிறது. அதைச் சொல்லி நிறுத்துகிறேன். எங்கள் மாதா சுரூபத்துக்கு மக்கள் நேர்ச்சையாகச் சேலை கொடுப்பது வழக்கம். திருவிழாக் காலத்தில் அலமாரி கொள்ளாது. பட்டு என்று சொல்லிக் கொடுப்பவற்றில் பெரும்பகுதி பட்டல்ல. பின்னர் ஏலத்தில் விடுகிறோம். ஏலம் எடுத்தவரே அடுத்த ஆண்டு அதையே மீண்டும் நேர்ந்துகொண்டு வருவதையும் கண்டிருக்கிறேன்! ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கம் இன்றும் பட்டுத் தறிகள் ஓடுகின்றன. அங்கிருந்து ஆண்டுக்கு ஒரே சேலை, நெய்தவரை அழைத்து அவர் கையாலேயே வாங்கி மாதாவுக்குச் சாத்துவோம், மற்றவற்றை நேர்ச்சையாக ஏற்க வேண்டாம் என்று பங்குப் பேரவையில் முன்மொழிந்தேன். எதிர்ப்பு வலுவாக இருந்தது. மலடி என்று ஏசப்பட்டுப் பிள்ளை பெற்றவள் தான் நேர்ந்த சேலையைச் சாமி வேண்டாமென்றால் எங்கே போவாள் என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று.

கூட்டம் முடிந்து சக்கிரீஸ்துக்குப் போனபோது, அந்தப் பெண் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, மாதாவின் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உட்புறம் திருப்பி ஓரத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பழக்கம் சாமி" என்றாள். ஒரு நீலச் சேலையில் மடித்துத் தைத்த ஓரத்தைக் காட்டி, "இத ஒருத்தி ராத்திரி ஷிஃப்ட்டுல அடிச்சிருக்கா, கை தூங்கியிருக்கு பாருங்க" என்று தையல் விலகிய இடத்தில் விரலை வைத்தாள்.